கல்நார்த் தூசும் நாற்பதாண்டுக் கணக்கும்

தணிக்கைக்காகப் பரமக்குடி, எமனேசுவரம் தறிக்கூடங்களுக்கும் இராமேசுவரக் கரையூர்களுக்கும் செல்லும்போது ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் ஓட்டுக் கூரைகளைக் காண்கிறோம். முழு ஓட்டினால் தீங்கு குறைவு. அறுத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குப் புலனாகாத நார்கள் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். ஆதலின் பழைய ஓட்டை நனைத்து, உடைக்காமல் இறக்குதல் வேண்டும்.

இதனினும் பேரிடர், அவ்வோடு செய்யும் ஆலைகளில் உழைப்போர்க்கு உண்டு. மூச்சிரைப்பும் நுரையீரற் புற்றும் இருபது, முப்பது ஆண்டுகள் கழிந்தே தலைகாட்டக்கூடும். அதற்குள் வேலையை விட்டு ஊர் திரும்பியவர், தாம் அங்கு உழைத்ததை எவ்வாறு மெய்ப்பிப்பார்?

அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், 1995 ஜனவரி 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள் அல்லது விலகியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை ஆலையார் காத்தல் வேண்டும். நோயுற்றதாகச் சான்று பெற்றோர்க்கு ரூ. 1 இலட்சம் இழப்பீடும் விதிக்கப்பட்டது.

எனினும் அப்பதிவேடு இருப்பது ஆலையாரிடம். ஆகவே அத்தொழில் செய்தோர் சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, மார்பு எக்ஸ்ரே படம் ஆகியவற்றைத் தாமும் பத்திரப்படுத்துக. மருத்துவரிடம் பழைய தொழிலை மறவாது கூறுக. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடின், ஆலைத் தொழிலாளர்க்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். பேரேட்டைப் பேணிப் பழகிய சங்கத்தார்க்கு இக்காகிதங்களைப் பேணுதல் அரிதன்று.