ஊசி என்றால் பயமா?

கொல்கத்தா நகரம். அங்கே ஓர் அம்மா. வயது ஐம்பது. வீட்டு வேலைகள் செய்து பிழைக்கிறார். இரண்டு ஆண்டுகளாக முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. வலி மாத்திரை சாப்பிட்டால் வயிறு எரிகிறது.

“அக்குபங்சர் செய்து பாருங்களேன்” என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

“ஐயோ! உடம்பெல்லாம் ஊசியா? வேண்டவே வேண்டாம்” என்றார் அம்மா.

சின்ன வயதில் ஊசி போட்டபோது அவர் மயங்கி விழுந்தார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

இப்படிப் பயப்படுகிறவர்கள் பலர். படித்தவர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

அக்குபங்சர் பழமையான சீன மருத்துவ முறை. 1938-ஆம் ஆண்டு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போர் நடந்தது. காயம்பட்டவர்களுக்கு உதவ இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சீனா சென்றார்கள். அவர்களில் ஒருவர் சோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் கோட்னிஸ். அவர் 1942-இல் சீனாவிலேயே இறந்தார். இன்னொருவர் டாக்டர் பி.கே. பாசு. அவர் பின்னாளில் மறுபடியும் சீனா சென்று அக்குபங்சர் கற்றார். கொல்கத்தாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். மேற்கு வங்கத்தில் 1996-இல் இதற்குத் தனிச் சட்டமே வந்தது.

ஊசி எப்படி இருக்கும்?

மருந்து ஏற்றும் ஊசியின் நடுவில் துளை இருக்கும். அதனால் அது சற்றுத் தடிமனாக இருக்கும். அக்குபங்சர் ஊசியில் துளை இல்லை. மருந்தும் இல்லை. அது மெல்லிய கம்பி போல் இருக்கும். அதன் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர்தான்.

வலிக்குமா?

குத்தும்போது எறும்பு கடித்தது போல் இருக்கலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. பிறகு அந்த இடம் கனமாக இருக்கும். மதமதப்பாகவும் இருக்கலாம். அது வழக்கமானதுதான். சுருக்கென்று கடுமையாக வலித்தால் உடனே சொல்ல வேண்டும். ஊசியை எடுத்துவிடுவார்கள்.

ஊசிகளை 15 முதல் 30 நிமிடம் வரை வைத்திருப்பார்கள். அதுவரை அசையாமல் இருக்க வேண்டும். எடுத்த பிறகு ஒரு துளி இரத்தம் வரலாம். தோல் கொஞ்சம் கன்றிப் போகலாம். சில நாளில் சரியாகிவிடும்.

பயப்படுகிறவர்கள் என்ன செய்யலாம்?

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. பயத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும். உட்காராமல் படுத்துக்கொள்ள வேண்டும். ஊசியைப் பார்க்க வேண்டாம். மெதுவாக மூச்சு விடலாம்.

மயக்கம் வரும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஊசி குத்தும் முன்பே கை, கால் தசைகளைப் பத்து விநாடி இறுக்க வேண்டும். பிறகு தளர்த்த வேண்டும். இப்படிச் சில முறை செய்யலாம். ஊசி உடம்பில் இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது.

அந்த அம்மாவும் கடைசியில் போனார். பயத்தைச் சொன்னார். “சரி அம்மா, இன்றைக்கு இரண்டு ஊசி போதும். வேண்டாம் என்றால் உடனே எடுத்துவிடுகிறேன்” என்றார் மருத்துவர். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். “எப்போது குத்துவீர்கள்?” என்று கேட்டார். “குத்தியாகிவிட்டது” என்றார் மருத்துவர்.

அம்மா ஆறு முறை போனார். வலி முழுவதும் போகவில்லை. ஆனால் குறைந்தது. இப்போது மெதுவாகப் படி ஏறுகிறார்.

எது உண்மையான ஆபத்து?

ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்துவதுதான் பெரிய ஆபத்து. அதனால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் பரவலாம். பயிற்சி இல்லாதவர் மார்பில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் காயம் படலாம்.

எல்லா நோயையும் அக்குபங்சர் தீர்க்காது. நாள்பட்ட முதுகு வலி, முழங்கால் வலி, ஒற்றைத் தலைவலி போன்றவற்றில் சிலருக்கு வலி குறைகிறது. சர்க்கரை நோய், காசநோய், புற்றுநோய் இவற்றுக்கான மருந்தை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. ‘மருந்தை நிறுத்து’ என்று சொல்பவரிடம் போகக் கூடாது.

நினைவில் வைக்க வேண்டியவை

• வலிக்குக் காரணம் என்ன என்று முதலில் மருத்துவமனையில் பார்க்க வேண்டும்.

• முறையாகப் பயின்றவரிடம் மட்டும் போக வேண்டும்.

• புதிய ஊசி உறையைக் கண் முன்னே பிரிக்கச் சொல்ல வேண்டும்.

• கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும்.

• பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தச் சொல்லலாம். அது நோயாளியின் உரிமை.

ஊசியைப் பார்த்துப் பயப்படுவதில் தவறில்லை. அது புதிய ஊசிதானா என்று கேட்கத்தான் பயப்படக் கூடாது.