50 அங்குல மோட்டார் வண்டியும் மலைத் தடங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணைகளில், டிராக்டரும் லாரியும் நிற்கும் கொட்டகையில் சிறியதோர் மோட்டார் வண்டியும் நிற்பதை இக்காலத்தில் பல இடங்களில் காணலாம். ஓட்டுபவரும் உடன் செல்பவரும் அருகருகே அமர இரண்டு ஆசனங்களும், அவற்றைச் சூழ்ந்து இரும்புக் குழாய்களாலான கூண்டும், பெரும்பாலும் பின்புறத்தில் மூட்டைகளை வைக்கச் சிறு தட்டும் கொண்டது இவ்வண்டி. இருவர் அருகருகே அமர்வதால் இதற்கு ‘ஸைட்-பை-ஸைட்’ என்ற பெயர் ஏற்பட்டது. வேலை நாட்களில் வேலிக் கம்பியும் தீவனமும் சுமக்கும் இவ்வண்டியே, ஓய்வு நாட்களில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு காட்டுத் தடங்களுக்குச் செல்கிறது.

பண்ணைக் கருவியொன்று உல்லாசத்துக்கும் உதவுவது நன்மையே. ஆயினும் வயலில் பல வருஷங்கள் விபத்தின்றி ஓட்டியவர், மலைத் தடத்தில் முதல் நாளிலேயே வண்டியைக் கவிழ்த்துக் கையை இழக்கவுங்கூடும். இவ்வண்டிகளுள் சிறியவற்றின் சிறப்பு முழுவதும் அவற்றின் குறுகிய அகலத்தில் இருக்கிறது. அவற்றின் அபாயமும் பெரும்பாலும் அதே அகலத்திலிருந்தே உண்டாகிறது. இவ்விரண்டையும் சேர்த்து அறிந்தவரே இவ்வண்டியை வைத்திருக்கத் தகுதியுடையவர்.

வண்டி தோன்றிய விதம்

கவாஸாகி கம்பெனியார் 1988-ல் ‘மியூல்’ என்ற வண்டியை வெளியிட்டனர். கோவேறு கழுதை என்பது அப்பெயரின் பொருள். ஜான் டீர் கம்பெனியாரின் ‘கேட்டர்’ 1992-ல் வந்தது. இவை மெதுவாகச் சென்று சுமை தூக்குவதற்கென்றே ஏற்பட்டவை. 2003-ல் யமஹா கம்பெனியார் வெளியிட்ட ‘ரைனோ’ வேலைக்கும் வேட்டைக்கும் உல்லாசப் பயணத்துக்கும் ஒருங்கே உதவுமாறு அமைந்தது. 2007-ல் போலாரிஸ் கம்பெனியார் உல்லாசத் தடங்களையே கருதி, 50 அங்குல அகலத்தில் ‘ரேஸர்’ என்னும் வண்டியைச் செய்தனர். பிறகு ஹோண்டா கம்பெனியார் 475 கன செண்டிமீட்டர் எஞ்சினுடன், அதே 50 அங்குல அகலத்தில் ‘பயனியர் 500’ என்பதை 2015-ம் வருஷ மாதிரியாக வெளியிட்டனர். பின்னர் அதன் இடத்தில் 518 கன செண்டிமீட்டர் எஞ்சின் கொண்ட ‘பயனியர் 520’ வந்தது.

50 அங்குலம் ஏன்?

வெவ்வேறு கம்பெனியார் 4 அடி 2 அங்குலமாகிய இவ்வொரே அளவை மேற்கொண்டது தற்செயலன்று. அந்நாட்டு வன இலாகா, விவசாய இலாகாவின் ஆதீனத்தில் உள்ளது. அதன் காடுகளில் மோட்டார் வண்டிகள் கண்ட இடமெல்லாம் புகுந்து புல்லையும் ஓடைக் கரைகளையும் கெடுத்து வந்தமையால், 2005-ல் புதிய விதியொன்று பிறப்பிக்கப்பட்டது. அதன்படி ஒவ்வொரு காட்டிலும் எந்தச் சாலையில், எந்தத் தடத்தில், எவ்வகை வண்டி, எந்தப் பருவத்தில் செல்லலாமென்பதைக் குறித்துப் படம் வெளியிட வேண்டும். அப்படம் இலவசமாகக் கிடைக்கும். படத்தில் காட்டப்படாத தடம் மூடப்பட்ட தடமேயாகும்.

அப்படங்களில் 50 அங்குலமும் அதற்குட்பட்ட அகலமும் உள்ள வண்டிகளுக்கென்று ஒரு வகைத் தடம் தனியே குறிக்கப்படுகிறது. முன்பு குதிரைபோல் ஏறி அமர்ந்து ஓட்டும் நாற்சக்கர வண்டிகளுக்கென ஏற்பட்ட ஒற்றையடித் தடங்கள் இவை. 60, 64, 72 அங்குல அகலமுள்ள பெரிய வண்டிகள் வலிமையிலும் வேகத்திலும் மேம்பட்டவையாயினும், இரு மரங்களுக்கிடையே செல்லும் இத்தடங்களில் அவற்றுக்கு அனுமதியில்லை. சிறு வண்டி வாங்குபவர் பெறும் லாபம் இதுவே.

இந்த லாபத்தை அறியாமையால் இழப்பவரும் உண்டு. 50 அங்குலமென்பது டயர்களின் வெளி விளிம்புவரை அளக்கும் அளவு. அழகுக்காக அகன்ற டயர்களை மாட்டினால் வண்டி அளவை மீறிவிடும். தட வாயிலில் அளவுக் கம்பம் நாட்டியிருக்குமானால் அதன்கண் சிக்கித் திரும்பவும் நேரும். எனவே டயர் மாற்று முன் அளவுகோலைக் கையில் எடுத்தல் நலம்.

கவிழ்வதன் காரணம்

ஒரு வண்டி பக்கவாட்டில் எவ்வளவு சாயலாமென்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது: இடவலச் சக்கரங்களின் நடுவிடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தில் பாதி ஒன்று, தரையிலிருந்து வண்டியின் பார மையம் இருக்கும் உயரம் மற்றொன்று. உதாரணமாக, சக்கர இடைவெளி 40 அங்குலமும், பார மையத்தின் உயரம் 25 அங்குலமும் உள்ள வண்டி, அசையாது நிற்கும்பொழுது ஏறக்குறைய 39 டிகிரி சாய்ந்தால் கவிழும். இருவர் ஏறி, பின்தட்டில் உயரமாகச் சுமையும் வைத்து, பார மையம் 28 அங்குலத்துக்கு உயருமானால் ஏறக்குறைய 36 டிகிரியிலேயே கவிழும் நிலை வந்துவிடும். இது நிற்கும் வண்டியின் கணக்கு. ஓடும்பொழுது ஒரு கல்லில் மேட்டுப்புறச் சக்கரம் ஏறினாலும், பள்ளப்புறச் சக்கரம் குழியில் இறங்கினாலும், இதைவிடக் குறைந்த சரிவிலேயே வண்டி புரண்டுவிடும்.

சமநிலத்திலும் இவ்வபாயம் இல்லாமலில்லை. திருப்பத்தில் வண்டி வெளிப்புறமாகத் தள்ளப்படுவதால், குறுகி உயர்ந்த வண்டி எளிதில் சாயும். 2009 மார்ச்சு மாதத்தில் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன், ‘ரைனோ’ வண்டியின் இரு மாதிரிகளைச் சேர்ந்த 50-க்கு மேற்பட்ட விபத்துகளை விசாரித்ததாகவும், அவற்றில் 46 பேர் மாண்டதாகவும் அறிவித்தது. அவ்விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி உருண்டதால் நேர்ந்தவை. மாண்டவரிலும் காயமுற்றவரிலும் பலர் சமநிலத்தில், அதிக வேகமின்றித் திரும்பும்பொழுதே கவிழ்ந்ததாகத் தோன்றியது. ஸீட் பெல்ட் அணியாதோரும் அவர்களில் பலர். கம்பெனியார் தாமே முன்வந்து, பின் சக்கரங்களை வெளிப்புறமாகத் தள்ளி வைக்கும் வளையங்களைப் பொருத்தியும், பின்புறச் சாய்வுத் தடுப்புக் கம்பியை நீக்கியும் அவ்வண்டிகளை இலவசமாகச் செப்பனிட ஏற்பாடு செய்தனர். மேற்கூறிய உதாரண வண்டியில் ஒவ்வொரு புறமும் 2 அங்குலம் கூடினால், நிற்கும்பொழுது அது தாங்கும் சாய்வு 39-லிருந்து 41 டிகிரிக்கு உயரும். சில அங்குலங்களின் மதிப்பு இத்தகையது.

செலுத்தும் முறை

வண்டி சாயும்பொழுது கையையோ காலையோ வெளியே நீட்டித் தரையில் ஊன்ற முயல்வது மனித சுபாவம். இவ்வண்டியில் அதைவிடக் கேடான செயல் வேறில்லை. ஆயிரம் ராத்தலுக்குக் குறையாத பாரத்தைக் கை தாங்காது. கூண்டின் குழாய்க்கும் தரைக்கும் இடையே அது நசுங்கிவிடும். கூண்டு காப்பது கூண்டுக்குள் இருப்பவரை மட்டுமே. கூண்டுக்குள் இருக்கச் செய்வது ஸீட் பெல்ட். ஆகையால் பெல்ட், ஹெல்மெட், பக்கக் கதவு அல்லது வலை ஆகிய மூன்றும் இன்றி எஞ்சினைக் கிளப்பலாகாது. ஓட்டுபவர் ஸ்டியரிங்கை விடாமலும், உடன் செல்பவர் கைப்பிடியை விடாமலும் இருத்தல் வேண்டும்.

முதுகு ஆசனத்தில் பொருந்தியிருக்கும்பொழுது பாதம் தரைத் தட்டில் முழுவதும் படியாத சிறுவரை ஏற்றுதல் தவறு. மடியில் வைத்துக்கொள்ளுதல் அதனினும் தவறு. 16 வயது நிரம்பி, மோட்டார் ஓட்ட லைசென்ஸ் பெற்றவரே இவ்வண்டியை ஓட்டலாமென்பது இவ்வண்டி செய்வோர் சங்கத்தின் அறிவுரை.

மேட்டில் நேராக ஏறுக, நேராக இறங்குக. சரிவைக் குறுக்கே கடப்பதைக் கூடியவரை விலக்குக. குறுக்கே செல்லும்பொழுது வண்டி புரளத் தொடங்குமானால், இடமிருப்பின் பள்ளப்புறமாகவே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். மேட்டுப்புறம் திருப்பினால் உருள்வது விரைவாகும். ஏற்றத்தின் நடுவே வண்டி நின்றுவிட்டால், அங்கேயே திருப்ப முயலாமல் பிரேக்கை மெல்ல விட்டு நேராகப் பின்னோக்கி இறங்குதல் வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு செல்லுதல் நலம்.

நீரைக் கடக்கு முன் அதன் ஆழத்தைக் கோலால் அறிக. தரைத் தட்டுக்கு மேல் நீர் வருமானால் திரும்புவதே விவேகம். கடந்த பின் பிரேக்கைச் சிலமுறை இலேசாக அழுத்தி ஈரத்தைப் போக்குக. தனி வண்டியாகத் தொலைவு செல்லாமலிருப்பதும், செல்லும் தடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்வதும் எவ்விதச் செலவுமில்லாத காப்பு.

பராமரிப்பு

இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் வலிமையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது கனத்த ரப்பர் பெல்ட் ஆகும். ஹோண்டாவின் சிறு வண்டிகளிலோ பற்சக்கர கியர் அமைந்திருக்கிறது. பெல்ட்டுக்குப் பகை உஷ்ணம். செங்குத்தான ஏற்றத்திலும், சுமை இழுக்கும்பொழுதும், நடை வேகத்தில் பாறை கடக்கும்பொழுதும் உயர் கியரில் ஓட்டினால் அது வழுக்கிக் கருகிவிடும். எனவே அவ்விடங்களில் தாழ் கியரை உபயோகிக்க வேண்டும். மாற்று பெல்ட் ஒன்றும், அதை மாட்டும் சாமான்களும் வண்டியிலேயே இருத்தல் வேண்டும்.

எஞ்சினுக்குப் பகை புழுதி. புழுதித் தடத்தில் சென்று வந்த ஒவ்வொரு தடவையும் காற்று வடிகட்டியைத் திறந்து பார்ப்பது அவசியம். டயரின் காற்றழுத்தம் சாதாரண மோட்டார் காருக்கு உள்ளதில் பாதியையும் எட்டாது. ஆகவே காருக்கு உரிய மானியால் அளக்காமல், குறைந்த அழுத்தத்தைக் காட்டும் மானியால் அளந்து, வண்டியிலுள்ள தகட்டில் கண்ட அளவுக்கே நிரப்புக. புகைக் குழாயில் தீப்பொறித் தடுப்பு இல்லாத வண்டி வேனிற்காலத்தில் காட்டுக்கே தீ வைக்கும். வன இலாகா காடுகளில் அத்தடுப்பு கட்டாயமானது. வாங்க எண்ணுவோர் வண்டியின் விலையோடு, ஏற்றிச் செல்லும் டிரெய்லர், கட்டும் பட்டைகள், ஹெல்மெட், பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிலத்துக்கு நேரும் சேதம்

ஈர மண்ணில் சக்கரம் பதிந்த பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகும், வாய்க்கால் ஓடையாகும், ஓடை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். மண் அரிமானத்தை அறிந்த குடியானவருக்கு இதை விரித்துக் கூற வேண்டுவதில்லை. தடத்தின் குறுக்கே சிறு வரப்பு எழுப்பி மழைநீரைப் பக்கமாகத் திருப்பிவிடுவது மலைத் தடங்களைக் காக்கும் முறை. அவ்வரப்பைச் சுற்றிப் புது வழி செய்பவர் தடத்தையும் கெடுத்து, பக்கத்து நிலத்தையும் கெடுக்கிறார். மழை பெய்த மறுநாள் போகாமலிருப்பது, சேற்றைக் கண்டால் ஒதுங்காமல் தடத்திலேயே மெல்லச் செல்வது அல்லது திரும்புவது, ஓடையை உரிய துறையில் மட்டும் கடப்பது, திறந்திருந்த வாயிலைத் திறந்தும் மூடியிருந்ததை மூடியும் விடுவது ஆகியன மாறாத விதிகள். வீடு திரும்பு முன் வண்டியின் அடியிலுள்ள சேற்றைக் கழுவாவிடில், ஒரு மலையின் களை விதை மற்றொரு மலைக்கு மட்டுமன்றி ஓட்டுபவரின் சொந்த வயலுக்கும் வந்து சேரும்.

நிலச் சொந்தக்காரரும் தடமும்

தம் நிலத்தில் அயலார் வண்டி ஓட்டுவதை நிலச் சொந்தக்காரர் விரும்பாமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நிலம் கெடுமென்பது. மற்றொன்று, விழுந்தவர் தம்மீது வியாஜ்யம் தொடுப்பாரென்பது. இவ்விரண்டுக்கும் பரிகாரம் தேடிய முயற்சியொன்று மேற்கு வர்ஜினியா மாகாணத்தில் நடைபெற்றுள்ளது.

அம்மாகாணத்தின் தென்பகுதி நிலக்கரி மலைகள் பெரும்பாலும் நிலக்கரி, மரக் கம்பெனிகளுக்குச் சொந்தம். சுரங்க வேலை குறைந்தமையால் ஊர்கள் வருவாய் இழந்தன. பழைய சுரங்கப் பாதைகளும் மரம் இழுத்த பாதைகளும் வீணே கிடந்தன. 1996-ல் மாகாணச் சட்டசபை ஒரு சட்டமியற்றி, பல ஜில்லாக்களுக்குப் பொதுவான அதிகார சபையொன்றை நிறுவிற்று. அச்சபை நிலச் சொந்தக்காரருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்களுக்குப் பொறுப்பு நேராதபடி சட்டத்தாலும் இன்ஷூரன்ஸாலும் காப்பளித்தது. ‘ஹாட்பீல்டு-மக்காய் தடங்கள்’ என்ற பெயருடன், ஏறக்குறைய 300 மைல் நீளத் தடங்கள் 2000 அக்டோபரில் திறக்கப்பட்டன. முற்காலத்தில் அம்மலைகளில் தீராப் பகைகொண்டிருந்த இரு குடும்பங்களின் பெயர் அது.

அங்கே செல்பவர் ஒவ்வொருவரும் பணம் கட்டி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். வயது எதுவாயினும் ஹெல்மெட் அணிய வேண்டும். எளிய தடத்துக்குப் பச்சை, நடுத்தரமானதற்கு நீலம், கடினமானதற்குக் கறுப்பு என்று அடையாளங்கள் நாட்டப்பட்டுள்ளன. காவலர் சுற்றி வருகின்றனர். அருகிலுள்ள சிற்றூர்கள் சில, தம் தெருக்கள் வழியே இவ்வண்டிகள் விடுதிக்கும் உணவுச்சாலைக்கும் வர இடங்கொடுத்து வருவாய் தேடிக்கொண்டன. அத்துமீறி வந்தவர் அனுமதி பெற்ற விருந்தினராயினர். வீணாய்க் கிடந்த பாதை ஊருக்குப் பிழைப்பாயிற்று.

கிராம அதிகாரிகளும் நிலமுடையோரும் இதிலிருந்து அறியத்தக்கது தெளிவானது. வெறும் தடையினால் வழி மீறுவோரை நிறுத்துவது அரிது. எல்லை குறித்து, விதி வகுத்து, பொறுப்பை முன்னரே தீர்மானித்துத் திறந்துவிட்ட வழியில் மீறுவோர் குறைவர்.

வண்டி வைத்திருப்பவருக்கோ, அளந்து நடப்பதே முதற்பாடம். தடத்தின் அகலத்தையும், சரிவின் அளவையும், நீரின் ஆழத்தையும், தம் திறமையின் எல்லையையும் அளந்து செல்பவருக்கு இச்சிறு வண்டி, வேலை நாளில் உண்மையான ஊழியனாகவும் ஓய்வு நாளில் நல்ல துணையாகவும் விளங்கும். அளவாது செல்பவருக்கு அதன் கூண்டும் காப்பாகாது.