அறிவிப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரை



ஓர் ஊரில் புதிய ஆஸ்பத்திரி அமையுமென்று அரசாங்கம் அறிவிக்கிறது. படித்து மகிழ்கிறோம். ஆயின், அறிவிப்பு வந்த ஆண்டிலேயே வைத்தியரும் வந்து சேர்வது அரிது. இடையில் நிகழ்வது யாது என்பதைப் புதுவையின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை மனத்திற்கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் சற்றுப் பழைய வரலாற்றைக் காண்போம். சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்த குழு, 1946இல் தன் அறிக்கையை அளித்தது. முதற்கட்டமாக 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. நாளடைவில் 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை வேண்டும் என்றது. முதற்பகுதி 1952இல் தொடங்கியது. 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுவை இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தபோது, இந்த நம்பிக்கையும் உடன் வந்தது எனலாம். இரண்டாம் பகுதியோ ஏட்டிலேயே தங்கிவிட்டது.

1978இல் அல்மா ஆட்டா மாநாடு, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நல்வாழ்வு என்று முழங்கிற்று. 1983இல் நம் தேசியக் கொள்கையும் அதனை ஏற்றது. 2000 வந்து போயிற்று. நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 2 பங்கை 2010க்குள் அரசாங்கம் சுகாதாரத்திற்குச் செலவிடும் என்றது 2002ஆம் ஆண்டுக் கொள்கை. அது நிறைவேறுமுன்னரே, 2025க்குள் இரண்டரைப் பங்கு என்றது 2017ஆம் ஆண்டுக் கொள்கை. நெருங்க நெருங்க விலகும் கானல்நீர் போல ஆண்டு தள்ளிச் சென்றதே கண்ட பலன்.

தாமதத்திற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது பணம். 2011க்குப் பின் பல ஆண்டுகள், புதுவைச் சட்டமன்றத்தில் மார்ச் மாதம் சில மாதச் செலவுக்கு மட்டுமே ஒப்புதல் பெறப்பட்டது. முழு வரவு செலவுத் திட்டம் பின்னரே வந்தது. இடைக்கால ஒப்புதலைக் கொண்டு சம்பளம் வழங்கலாம். புதிய பணியைத் தொடங்குதல் இயலாது. பிறகு மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று நாள் கழியும். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும்.

இரண்டாவது, ஆட்கள். செங்கல்லும் சிமெண்டும் விரைவில் கிடைக்கும். செவிலியரும் மருந்தாளுநரும் வேண்டுமாயின், பதவி உருவாக்கப்பட்டு, நிதித்துறை இசைந்து, தேர்வும் நடைபெறுதல் வேண்டும். திறப்பு விழா கட்டிடத்திற்கு நடக்கிறது; நோய் தீர்ப்பவர் மனிதரன்றோ!

மூன்றாவது, கேட்பார் இன்மை. புதுவையில் 1968க்குப் பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இல் முடிந்தபின், மீண்டும் பல்லாண்டுகள் தேர்தல் இல்லை. ஊரின் குறையைச் சபையில் எழுப்பும் உறுப்பினர் இல்லாதபோது கோப்பு உறங்குவதில் வியப்பில்லை.

புதுவை மருத்துவத்தில் பின்தங்கிய பகுதியன்று. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், இன்று நாடறிந்த நிறுவனம். ஆனால் அது நகருக்கு வடமேற்கே கோரிமேட்டில் உள்ளது. பாகூரோ தெற்கே உள்ளது. இரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்க நகருக்குச் செல்லும் விவசாயக் கூலிக்கு அன்றைய கூலி போய்விடும். இரண்டு முறை செல்வார். மூன்றாம் முறை மாத்திரையை விட்டுவிடுவார். விளைவு பக்கவாதமாக முடியலாம். பிரசவத்திற்குப் பின் குருதிப்போக்கு மிகுந்த தாய்க்கோ சில மணி நேரமே அவகாசம். அன்றியும், கிராமத்திலே தீரக்கூடிய காய்ச்சலெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில் திரண்டால், அங்கே கடும் நோயாளியும் காத்திருக்க நேரிடும்.

ஆகவே, நண்பர்களே, இனி ஓர் அறிவிப்பைக் காணும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அரசாணை பிறந்ததா? பணம் ஒதுக்கப்பட்டதா? பதவிகள் நிரப்பப்பட்டனவா? முடியும் நாள் எது? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எந்தக் குடிமகனும் இவற்றை எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தருதல் அதிகாரிகளின் கடமை. குறித்த நாளில் வாராத மருந்து, நோயாளிக்கு இல்லாத மருந்தே என்பதை மறவாதிருப்போமாக.