நேற்று எங்கே போயிற்று?

1955-ம் வருஷம் மார்ச் மாதம் 15-ம் தேதி ஜினீவா நகரில் மிச்சேல் பெஸ்ஸோ என்ற 81 வயது முதியவர் காலமானார். உலகம் அவரை அதிகமாக அறியாது. ஆனால் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் என்ற ஊரில், அவருடைய அரை நூற்றாண்டுச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவர்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

21-ம் தேதி ஐன்ஸ்டீன் பெஸ்ஸோவின் மகனுக்கும் சகோதரிக்கும் ஒரு கடிதம் எழுதினார். துக்கம் விசாரிக்கும் கடிதந்தான். பெஸ்ஸோவிடம் தாம் மிகவும் வியந்தது, அவர் ஒரே மனைவியுடன் அத்தனை வருஷம் மன ஒற்றுமையோடு வாழ்ந்ததுதான் என்றும், அந்தக் காரியத்தில் தாம் இரண்டு முறை தோற்றுப் போனதாகவும் அதில் ஒப்புக் கொண்டிருக்கிறார். (மகா மேதைகளும் இந்தப் பரீட்சையில் சுலபமாகத் தேறுவதில்லை போலும்!) அதன் பிறகு விசித்திரமான ஒன்றைச் சொல்கிறார். பெஸ்ஸோ தமக்குச் சற்று முந்திப் புறப்பட்டு விட்டார். அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. பௌதிக சாஸ்திரத்தை நம்புகிறவர்களுக்கு, நேற்று, இன்று, நாளை என்ற பேதமே ஒரு மாயைதான், பிடிவாதமான மாயை என்பது அவர் எழுதியதன் சாரம்.

சரியாக 28 நாள் கழித்து, ஏப்ரல் 18-ல், அவரும் போய்விட்டார்.

தமிழில் நாம் 'காலமானார்' என்கிறோம். காலம் என்று ஒன்று இருந்தால்தானே ஒருவர் காலமாக முடியும்? நேற்றே பொய் என்றால், நேற்று இறந்தவர் எங்கே போனார்? இது துக்க வீட்டில் சொல்லும் வெறும் ஆறுதல் வார்த்தையா, அல்லது விஞ்ஞானமா?

இதற்குப் பதில் தேட ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில், புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரிமைப் பத்திரம் வழங்கும் காரியாலயத்தில் ஐன்ஸ்டீன் ஒரு சாதாரண உத்தியோகஸ்தர். 1904-ல் பெஸ்ஸோவும் அதே காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தார். ஓயாத பேச்சு, ஓயாத விவாதம். 1905-ம் வருஷம் மே மாதத்தில் ஒரு நாள், ஐன்ஸ்டீன் தம்மை வாட்டிக் கொண்டிருந்த ஒரு சிக்கலைப் பெஸ்ஸோவிடம் கொட்டித் தீர்த்தார். மறு நாள் வந்து நன்றி சொன்னார். சிக்கல் அவிழ்ந்துவிட்டது என்றார். சுமார் ஐந்து வாரத்தில் கட்டுரை தயாராகி விட்டது. அதில் மேற்கோள் நூல் என்று ஒன்றுகூடக் கிடையாது. நன்றி சொல்லியிருப்பது ஒரே ஒருவருக்கு: பெஸ்ஸோவுக்கு.

அவிழ்ந்த சிக்கல் என்ன? ஐன்ஸ்டீனே பிற்பாடு சொன்ன உதாரணத்தைப் பார்க்கலாம். ஒரு ரயில் வேகமாக ஓடுகிறது. அதன் முன் கோடியிலும் பின் கோடியிலும் இரண்டு மின்னல்கள் விழுகின்றன. ரயில் பாதை ஓரத்தில், இரண்டுக்கும் நட்ட நடுவில் நிற்பவர் இரண்டு ஒளியையும் ஒன்றாகக் காண்கிறார். "ஒரே சமயத்தில் விழுந்தன" என்கிறார். ரயிலின் நடு மத்தியில் உட்கார்ந்திருப்பவரோ முன்புற ஒளியை நோக்கிப் போய்க் கொண்டிருக்கிறார். ஆகவே அது அவரை முதலில் எட்டுகிறது. ஒளியின் வேகம், விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோ மீட்டர், எவருக்கும் மாறாதது. இரண்டு கோடியும் அவருக்குச் சம தூரம். எனவே, "முன்னால் விழுந்ததே முந்தியது" என்கிறார்.

யார் சொல்வது சரி? இருவரும் சொல்வது சரி! இங்கேதான் தலை சுற்றுகிறது. 'இப்போது' என்ற சொல்லுக்கு எல்லாருக்கும் பொதுவான பொருள் இல்லை. என்னுடைய 'இப்போது' வேறு. அதிவேகமாகப் பறக்கிறவருடைய 'இப்போது' வேறு.

தூரமும் தப்பவில்லை. வானத்தில் சுமார் 15 கிலோ மீட்டர் உயரத்தில் மியூவான் என்ற அணுத்துகள்கள் பிறக்கின்றன. ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் இரண்டு பங்குதான் அவற்றின் சராசரி ஆயுள். ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 700 மீட்டர்கூடத் தாண்ட முடியாது. ஆனாலும் ஏராளமானவை பூமிக்கு வந்து சேருகின்றன! அவற்றின் காலம் மெதுவாக ஓடுகிறது என்கிறோம் நாம். மியூவானைக் கேட்டால், "என் ஆயுள் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் 15 கிலோ மீட்டர்தான் சுருங்கிவிட்டது" என்று சொல்லும். இதனால்தான் ஐன்ஸ்டீனுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்த மின்கோவ்ஸ்கி, 1908-ல் கொலோன் நகரப் பிரசங்கத்தில், காலமும் இடமும் தனித்தனியே நிழல்கள், இரண்டும் கலந்த ஒன்றே நிஜம் என்ற கொள்கையை வெளியிட்டார்.

நம் புராணத்தில் ரேவதியின் கதை உண்டு. வரன் விசாரிக்கத் தகப்பனாருடன் பிரம்மலோகம் போய்ச் சற்று நேரம் சங்கீதம் கேட்டுவிட்டுத் திரும்பினால், பூமியில் யுகங்கள் கழிந்துவிட்டன. பிறகு அவள் பலராமரை மணந்தாள். உடனே, "அன்றே சொன்னார் நம் முன்னோர்!" என்று மார் தட்ட வேண்டாம். கதை அழகானது, ஆனால் அளந்து பார்க்கக் கடிகாரம் வேண்டுமே.

1971-ம் வருஷம் அக்டோபரில் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அணுக் கடிகாரங்களுக்கு டிக்கட் வாங்கி, சாதாரணப் பிரயாணி விமானங்களில் ஏற்றி உலகத்தைச் சுற்றினார்கள். டிக்கட்டில் பெயர் 'மிஸ்டர் கடிகாரம்'! கிழக்கே சுற்றியபோது கடிகாரங்கள் 59 நானோ விநாடி பின்தங்கின. மேற்கே சுற்றியபோது 273 நானோ விநாடி முந்தின. நானோ விநாடி என்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்கும் கடிகாரமும் ஒத்துப்போயின. இன்று நம் கைப்பேசிக்கு வழி சொல்லும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள், பூமிக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு அதிகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 10 கிலோ மீட்டருக்கு மேல் வழி தவறிவிடும்.

ஆக, காலம் அடியோடு பொய் என்று சொல்வது பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது. பொய்யான ஒன்றைத் திருத்துவானேன்? அவரவர் கடிகாரம் காட்டும் காலம் மெய். உலகம் பூராவுக்கும் ஒரே காலம் என்று நினைத்தோமே, அதுதான் பொய்.

ஆனால் காலம் 'ஓடுகிறதே', அது? 1922-ம் வருஷம் ஏப்ரல் 6-ம் தேதி பாரிஸில் தத்துவ ஞானி பெர்க்ஸன் ஐன்ஸ்டீனோடு மோதியது இந்த இடத்தில்தான். சர்க்கரை கரையும் வரை நான் காத்திருந்துதான் ஆக வேண்டும் என்று பெர்க்ஸன் முன்பே எழுதியிருந்தார். அந்தக் காத்திருப்பு எந்தக் கடிகாரத்தில் அகப்படும்? தத்துவ ஞானிகளுக்கென்று தனிக் காலம் கிடையாது என்று ஐன்ஸ்டீன் அன்று தட்டிக் கழித்தார்.

முதுமையில் அவருக்கே அந்த நிச்சயம் இல்லை. கார்னாப் என்ற தத்துவ அறிஞரிடம், 'இப்போது' என்ற பிரச்னை தம்மை மிகவும் சங்கடப்படுத்துவதாகச் சொன்னார். மனிதனுக்கு 'இப்போது' என்பது நேற்றிலிருந்தும் நாளையிலிருந்தும் அடியோடு வேறானது. அந்த வேற்றுமை பௌதிகத்துக்குள் பிடிபடவில்லை. அது வேதனைதான், ஆனால் வேறு வழியில்லை என்றாராம். கார்னாப் தம் சுயசரிதையில் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

காலம் ஏன் ஒரே திசையில் போகிறது, ஏன் திரும்புவதில்லை என்று பெஸ்ஸோவும் தம் கடிதங்களில் அவரைத் துளைத்துக் கொண்டே இருந்தார். ஐன்ஸ்டீன் விட்டுக் கொடுக்கவில்லை. 1955 மார்ச்சில் அவர் கடைசியாக அனுப்பிய பதில், கேட்டவருடைய மகனுக்கும் சகோதரிக்கும் போய்ச் சேர்ந்தது.