ஒப்பரேஷன் முடிந்த பின்னும் நாரி வலியா?

“ஒப்பரேஷன் செய்துதானே வந்தீங்க, இன்னும் என்ன வலி?”

முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் பலர், வீடு திரும்பிச் சில மாதங்களில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் அந்நியர்களல்லர். நம் கரையோர ஊர்களில் கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். ஆகவே உம்மா, ராத்தா, தங்கச்சி எல்லாரும் அதே வளவிலோ பக்கத்து வளவிலோதான் இருப்பார்கள். ஆரம்பத்தில் அவர்களே சமைத்துப் போட்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள். மூன்று மாதம் கடந்தால் அவர்களுக்கும் களைப்பு வந்துவிடும். அப்போதுதான் இந்தக் கேள்வி பிறக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல், “எனக்குத்தான் ஏதோ பிழை” என்று நோயாளி வாய்மூடிக் கொள்கிறாள்.

சகோதரிகளே! அந்த வலி உண்மையானது. அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, காரணங்களும் உண்டு, அதோடு வாழ்ந்து முன்னேற வழிகளும் உண்டு.

உங்களுக்கு மட்டும் வந்ததல்ல

முதுகெலும்பின் இடைத்தட்டு, அதாவது டிஸ்க், பிதுங்கி நரம்பை நெரிப்பதால் கால்வரை வலி இறங்குகிறது என்பதை அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு வைத்தியர்கள் 1934-ல் எழுதி வெளியிட்டார்கள். அதன் பிறகே டிஸ்க் சத்திரசிகிச்சை உலகெங்கும் பரவியது. பலருக்கு அதனால் நல்ல சுகம் கிடைக்கிறது. ஆனால் 100 பேருக்குச் செய்தால் 10 முதல் 40 பேர் வரை ஏதோ ஓர் அளவில் வலி தொடர்கிறது என்று ஆய்வுகள் கணக்கிடுகின்றன. சத்திரசிகிச்சையின் வகையைப் பொறுத்து இந்த எண்ணிக்கை கூடும், குறையும்.

இதற்கு முன்பு ‘தோல்வியுற்ற முதுகுச் சத்திரசிகிச்சை’ என்றே மருத்துவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் வைத்தியரையும் நோயாளியையும் ஒருங்கே குற்றவாளியாக்கியது. அதைக் கைவிட்டு ‘நீடித்த முதுகெலும்பு வலி’ என்று சொல்லலாம் என 2021-ல் வலி நிபுணர்கள் முன்மொழிந்தார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தனித் தலைப்பாக இடம்பெற்றுள்ளது. சத்திரசிகிச்சைக்குப் பின் தொடரும் வலி அதில் ஒரு பிரிவு. ஆகவே இதை நடிப்பு என்றோ சோம்பல் என்றோ இனி யாரும் சொல்ல முடியாது.

மாந்தீவு சொல்லும் பாடம்

வலி எதற்காக இருக்கிறது? மட்டக்களப்பு வாவியில் புளியந்தீவைப் போலவே மாந்தீவு என்றொரு தீவு உண்டு. தொழுநோயாளருக்கான ஆஸ்பத்திரி அங்கே இருந்ததை நம் மூத்தவர்கள் அறிவார்கள். தொழுநோயாளரின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று ஆராய்ந்தவர் டொக்டர் போல் பிராண்ட். தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் பணியாற்றியவர் அவர். நோய் சதையை அழுக வைப்பதில்லை. நரம்பு மரத்துப்போய் வலி தெரியாததால், சூடான சட்டியைத் தொட்டாலும் கையை எடுக்காமல் இருக்கிறார்கள். புண்பட்டுப் புண்பட்டே விரல்கள் அழிகின்றன என்று அவர் கண்டுபிடித்தார்.

ஆக, வலி நம்மைக் காக்கும் எச்சரிக்கை மணி. ஆனால் வாசல் மணியின் பொத்தான் அமுங்கிச் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? வாசலில் யாருமில்லாத போதும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நீடித்த வலியில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நெடுநாள் நெரிபட்ட நரம்பும், முள்ளந்தண்டும், மூளையும் வலிக்குப் பழகி, சிறு அசைவையும் பேராபத்தாக அறிவிக்கின்றன. மணிச் சத்தம் உண்மை. ஆனால் அது கேட்கும் ஒவ்வொரு முறையும் முதுகு புதிதாகச் சேதமாகிறது என்று பொருளில்லை. வலி வேறு, கேடு வேறு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் நீங்கும்.

வேறு காரணங்களும் உண்டு

டிஸ்க் சத்திரசிகிச்சை காலுக்கு இறங்கும் வலியைக் குறைப்பதில்தான் கெட்டித்தனம் உள்ளது. நாரி வலிக்கு அதே அளவு பலனை எதிர்பார்க்க இயலாது. சிலருக்கு அதே டிஸ்க் மீண்டும் பிதுங்கலாம். நரம்பைச் சுற்றித் தழும்பு வளரலாம். பக்கத்து மூட்டிலோ இடுப்பு மூட்டிலோ வலி பிறக்கலாம். மாதக்கணக்கில் படுத்திருந்ததால் தசைகள் தளர்ந்திருக்கலாம். எது காரணம் என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை.

கீழ்க்காணும் அறிகுறிகள் வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல், இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்:

• சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல்
• தொடையிடுக்கிலும் மறைவிடத்திலும் மரத்துப்போதல் – வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்
• காலில் புதிதாகப் பலவீனம், பாதம் தொங்குதல்
• காய்ச்சல், தையல் இடத்தில் சிவப்பு, நீர் அல்லது சீழ்

மறுபடி கத்தியா?

வலி தீரவில்லை என்றால் “இன்னொரு ஒப்பரேஷன் செய்தால் என்ன?” என்று வீட்டில் பேச்செழும். நரம்பு மீண்டும் நெரிபடுவது போல் தெளிவான காரணம் கண்டால் அது பயன் தரலாம். காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி செய்தால், ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோன் எஃப். கென்னடியின் கதை இதற்குச் சான்று. 1944-க்கும் 1957-க்கும் இடையில் அவர் முதுகில் 4 முறை கத்தி வைத்தார்கள். 1954-ல் பொருத்திய உலோகத் தகட்டில் கிருமி தொற்றி, உயிருக்கே ஆபத்து வந்தது. 1955-ல் அதைக் கழற்றினார்கள். வலியோ போகவில்லை. 1961-ன் இறுதியில் ஹான்ஸ் க்ராஸ் என்ற வைத்தியர் வாரத்துக்கு மூன்று நாள் உடற்பயிற்சி கொடுத்துத் தசைகளைப் பலப்படுத்திய பிறகே கென்னடிக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. உலகின் எந்த வைத்தியரையும் அழைக்க முடிந்தவருக்கும் கடைசியில் உதவியது பொறுமையான பயிற்சிதான்.

நல்ல நாளில்தான் கவனம்

இந்த நோயாளிகள் அனேகமாகச் செய்யும் காரியம் ஒன்றுண்டு. வலி குறைந்த ஒரு காலையில், தேங்கிக் கிடந்த வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்வார்கள். துணி அலசி, வளவு கூட்டி, புரியாணிக்கும் அடுப்பு மூட்டுவார்கள். அடுத்த மூன்று நாள் பாயோடு பாயாகக் கிடப்பார்கள். இப்படி ஏறி இறங்குவதே உடலை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும்.

வலியைப் பார்த்து வேலையை நிறுத்தாமல், மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்துங்கள். 15 நிமிடம் இருந்து காய்கறி நறுக்கினால், வலி வரும் முன்பே எழுந்து சற்று நடங்கள். அடுத்த வாரம் அதையே 17 நிமிடமாக்குங்கள். நல்ல நாளிலும் கணக்கை மீறாதீர்கள். கெட்ட நாளிலும் முழுதாகப் படுத்துவிடாதீர்கள். நடை மிகச் சிறந்த மருந்து. வெயில் ஏறுமுன் வாவியோரம் ஐந்து நிமிடம் நடந்தாலும் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவப் பிரிவில் சொல்லித் தரும் பயிற்சிகளை வீட்டிலும் தொடருங்கள்.

வீட்டையும் கொஞ்சம் மாற்றலாம். குனிந்து கூட்டும் ஈர்க்குக் கட்டுக்குப் பதில் நீண்ட பிடியுள்ள தும்புத்தடி எடுங்கள். வாளியில் பாதித் தண்ணீர் மட்டும் நிரப்புங்கள். தரையில் குந்தித் தேங்காய் துருவாமல் மேசையில் வைத்துத் துருவுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். அரிசி மூட்டையையும் காஸ் சிலிண்டரையும் தூக்குவது ஆண்பிள்ளைகளின் வேலையாகட்டும்.

மாத்திரை விஷயம்

கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பழுதாகும். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபாலின் போன்ற மருந்துகளை வைத்தியர் கொடுப்பதுண்டு. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் தரப்படுவதால், “இது மனநோய்க் குளிசை” என்று யாரோ சொல்லக் கேட்டு அதை எறிந்துவிடும் பெண்கள் இருக்கிறார்கள். குறைந்த அளவில் அது நரம்பு வலியைத் தணிக்கிறது. வைத்தியரைக் கேளாமல் எதையும் சட்டென நிறுத்தவோ, அடுத்த வீட்டாரோடு பகிரவோ வேண்டாம். சத்திரசிகிச்சை நடந்த முதுகை நெரிக்கவும் திருகவும் யாரிடமும் கொடுக்காதீர்கள். முறிவு நெரிவு வைத்தியம் பார்ப்பதானாலும் முதலில் உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள்.

காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம் கடந்தும், ஏறாவூர், ஓட்டமாவடியிலிருந்து பஸ் ஏறியும் புளியந்தீவில் உள்ள போதனா வைத்தியசாலைக்கு வருகிறவர்கள், கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களை வீணாக்கக் கூடாது. கிளினிக் கொப்பி, ஸ்கேன் படங்களோடு ஒரு தாளும் கொண்டு போங்கள். எங்கே வலி, எப்போது கூடுகிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, என்ன மாத்திரை உதவியது என்று அதில் எழுதியிருக்கட்டும். “எல்லா இடமும் நோகுது” என்பதைவிட அந்தத் தாள் வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

தொழுகையும் நோன்பும்

ருகூவும் ஸுஜூதும் செய்ய முடியாமல் கதிரையில் இருந்து தொழ நேர்வது பல சகோதரிகளை உள்ளுக்குள் வாட்டுகிறது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் அறிவோம். இயலாதவருக்குத் தரப்பட்ட சலுகை அது. றமழானில் மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்று நோன்பு வருமுன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நோன்பு வேண்டாம் என்றால் அடுத்து என்ன செய்வதென்று ஆலிம் ஒருவரிடம் விளக்கம் பெறுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

காலையும் மாலையும் “வலி குறைஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். கேட்கக் கேட்க அவள் நினைவெல்லாம் வலியிலேயே நிற்கும். “எல்லாத்தையும் நான் செய்றன், நீ படு” என்று முழுதாகப் பறித்துவிடவும் வேண்டாம். அசையாத உடல் இன்னும் தளரும். அவள் சொல்வதை முதலில் நம்புங்கள். பாரமான வேலையை எடுத்துக்கொண்டு, அவளால் முடிந்ததை அவளிடமே விடுங்கள். பின்னேரம் பக்கத்தில் இருந்து, “இண்டைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். நேற்றைவிடப் பத்து அடி கூடியிருந்தால், அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.