டாஹோ ஏரியை வலம் வரும் மிதிவண்டிப் பயணம்

டாஹோ ஏரி, அமெரிக்காவின் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில், சியரா நெவாடா மலைத்தொடரில் அமைந்துள்ள நன்னீர் ஏரி. அதன் கரையோரச் சாலைகளின் வழியே ஒரே நாளில் ஏரியை முழுமையாகச் சுற்றிவரும் மிதிவண்டிப் பயணம் உலகெங்கும் உள்ள மிதிவண்டி ஆர்வலர்களிடையே பெயர் பெற்றது. சுற்றளவு 72 மைல், அதாவது ஏறத்தாழ 116 கிலோமீட்டர். ஆண்டுதோறும் சூன் மாதத் தொடக்கத்தில் பெருங்கூட்டமாக இப்பயணம் நடைபெறுகிறது. இது பந்தயம் அன்று. முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. பதின்வயதினர் முதல் எழுபது வயதைக் கடந்தவர்கள் வரை கலந்துகொள்கின்றனர்.

ஏரி

டாஹோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,897 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீளம் ஏறத்தாழ 35 கி.மீ., அகலம் 19 கி.மீ. மிகுந்த ஆழம் 501 மீட்டர். அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி ஒரேகான் மாநிலத்தின் கிரேட்டர் ஏரி ஒன்றுதான். புவியோட்டின் பிளவுகளுக்கு இடையே நிலம் கீழிறங்கி இப்பள்ளம் உண்டாயிற்று. மேற்கே சியரா நெவாடாவும் கிழக்கே கார்சன் மலையும் உயர்ந்து நிற்க, வடக்கே எரிமலைக் குழம்பு வழிந்து மதகுபோல் அடைத்துக்கொண்டது. அறுபதுக்கும் மேற்பட்ட ஓடைகள் வந்து சேர்கின்றன. வெளியேறுவதோ டிரக்கி என்ற ஒரே ஆறு. அதுவும் கடலைச் சேர்வதில்லை. நெவாடா பாலைநிலத்திலுள்ள பிரமிடு ஏரியில் முடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் சுற்றிலும் பனி கொட்டினாலும், ஆழம் மிகுதியால் ஏரி முழுவதும் உறைவதில்லை.

இம்மண்ணின் தொல்குடிகளான வாஷோ மக்களின் மொழியில் ஏரியைக் குறிக்கும் சொல்லே 'டாஹோ' என்று திரிந்தது. ஆகவே 'டாஹோ ஏரி' என்பது 'ஏரி ஏரி' என்று சொல்வதற்கு ஒப்பாகும். இடையில் 'பிக்லர் ஏரி' என்று ஓர் ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. மக்கள் வாயில் அது நிற்கவில்லை. 1945-இல் டாஹோ என்பதே அதிகாரப்பூர்வப் பெயராயிற்று.

பாதை

பயணம் பெரும்பாலும் தென்கரையில், அதிகாலையில் தொடங்குகிறது. கடிகாரமுள் திசையில் செல்வதே வழக்கம். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்வதால், இத்திசையில் சென்றால் ஏரி எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்கும். நம் ஊரில் கோயிலை வலம் வருவதும் இப்படித்தான். காட்சிக்காக மட்டும் இந்த ஏற்பாடு இல்லை. ஏரிப்பக்கத்தில் குறுக்கிடும் கிளைச்சாலைகள் குறைவு என்பதால் இதில் பாதுகாப்பும் உண்டு.

தொடக்கத்தில் பைன் மரங்களுக்கிடையே சமதளம். சுமார் 15 கி.மீ. கடந்ததும் முதல் சோதனை வருகிறது. கொண்டையூசி வளைவுகளில் ஏறி, மரகத விரிகுடாவின் மேல் 150 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தை அடைய வேண்டும். ஓரிடத்தில் சாலை ஒரு குறுகிய முகட்டின் மீது செல்கிறது. ஒருபுறம் விரிகுடா, மறுபுறம் கேஸ்கேட் ஏரி, இரண்டு பக்கமும் சரிவு. தடுப்புச்சுவரும் எல்லா இடத்திலும் இல்லை. கீழே விரிகுடாவின் நடுவில் தெரியும் ஃபேனட் தீவுதான் ஏரியிலுள்ள ஒரே தீவு. நின்று பார்க்க விரும்புவோர் வண்டியைச் சாலையை விட்டு முழுவதுமாக இறக்கிவிட வேண்டும். ஓடிக்கொண்டே காட்சியைப் பார்ப்பதுதான் இங்கே ஆபத்து.

மேற்குக் கரை அதன்பின் எளிது. டாஹோ சிட்டியில் டிரக்கி ஆறு வெளியேறும் இடத்தில் ஒரு சிறிய அணை உள்ளது. ஏரியின் மேல்மட்ட நீரில் ஏறத்தாழ 1.8 மீட்டரை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. வடகரையில் கிரிஸ்டல் பே அருகே நெவாடா எல்லை வருகிறது. எல்லையைத் தாண்டியவுடன் சூதாட்ட விடுதிகள் தென்படுவதால் பலகை பார்க்காமலே மாநிலம் மாறியதை அறியலாம்.

கடினமான ஏற்றம் இதற்குப் பிறகுதான். சாண்ட் ஹார்பர் கடற்கரை போன்ற வெண்மணல் கரையைக் கடந்ததும், ஸ்பூனர் கணவாயை நோக்கிச் சாலை நீண்டு ஏறுகிறது. கால்கள் ஏற்கெனவே 80 கி.மீ.க்கு மேல் உழைத்திருக்கும். மரகத விரிகுடாவில் வேகம் காட்டியவர்கள் பலர் இங்கே இறங்கி வண்டியைத் தள்ளுகின்றனர். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் சுமார் 1,200 மீட்டர். இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். உலர்ந்த காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால் தாகம் எடுப்பதற்கு முன்பே நீரருந்த வேண்டும்.

கணவாயிலிருந்து இறக்கம் நான்கு தடப் பெருஞ்சாலையில். வழியில் 'கேவ் ராக்' என்னும் பாறையைக் குடைந்த சுரங்கப்பாதை உண்டு. முதற்சுரங்கம் 1931-இலும் இரண்டாவது 1957-இலும் திறக்கப்பட்டன. வாஷோ மக்களுக்கு அது புனிதப் பாறை. அதனால் பாறையேற்றம் இன்று அங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. சாலை மட்டும் அதன் வயிற்றின் ஊடே போய்க்கொண்டிருக்கிறது.

கூட்டமாகச் செல்லும் முறை

ஒருவர் பின் ஒருவராகச் செல்லும்போது முன்னவர் காற்றை வெட்டிக்கொடுப்பதால் பின்னவருக்கு உழைப்பு கணிசமாகக் குறைகிறது. முன்னே செல்பவர் களைத்ததும் விலகிப் பின்வரிசைக்கு வருவார். சாலைப் பள்ளம், கண்ணாடித்துண்டு ஆகியவற்றைக் கையால் சுட்டிக் காட்டுவதும், முந்தும்போது குரல் கொடுப்பதும் அடிப்படை ஒழுக்கம். சக்கரங்கள் உரசினால் பின்னால் வருபவரே பெரும்பாலும் விழுகிறார். ஆகவே புதியவர்கள் இடைவெளி விட்டே செல்வது நல்லது. குறித்த இடங்களில் உணவும் நீரும் வைக்கப்பட்டிருக்கும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வண்டியும் பின்தொடரும்.

நீரின் தெளிவும் சாலைத்தூசும்

இப்பயணத்தில் கண்ணைக் கவர்வது நீரின் நீலம். அந்த நீலத்துக்கு வந்திருக்கும் கேடு சாலையோடு நேரடியாகத் தொடர்புடையது. 25 செ.மீ. அகல வெண்தட்டு ஒன்றை நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பதே தெளிவை அளக்கும் முறை. இத்தாலியரான செக்கி 1865-இல் இதைக் கையாண்டார். டாஹோவில் 1968-இல் இத்தட்டு சராசரியாக 31 மீட்டர் வரை தெரிந்தது. 2017-இல் 18 மீட்டராகச் சரிந்தது. அண்மை ஆண்டுகளில் 18-க்கும் 22-க்கும் இடையே ஊசலாடுகிறது.

குளிர்காலத்தில் சக்கரம் வழுக்காமலிருக்கச் சாலையில் மணல் தூவுகிறார்கள். மகிழுந்துகளின் சக்கரங்கள் அதை மாவாக அரைக்கின்றன. பனி உருகும்போது அது ஏரிக்குள் ஓடுகிறது. இந்நுண்துகள்கள் எளிதில் அடியில் படியாமல் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. வாகனப் புகையிலுள்ள நைட்ரசன் சேர்மங்களும் நீரில் கலந்து பாசிக்கு உரமாகின்றன. டாஹோவின் தெளிவு குறைந்ததற்கு முதன்மைக் காரணமாக ஆய்வாளர்கள் சுட்டுவது நகர்ப்பகுதிகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் வரும் இத்துகள்களையே.

மிதிவண்டி இந்தக் கேட்டைச் செய்வதில்லை. ஆனால் இப்பயணத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் மிதிவண்டியை மகிழுந்தின் மேல் கட்டிக்கொண்டுதான் மலையேறி வருகின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் சுற்றிவருவதைவிட, அங்கே வாழ்வோரும் விடுமுறைக்கு வருவோரும் அன்றாடம் மிதிவண்டியில் போக வழியிருப்பதே ஏரிக்குப் பெரிய உதவி. குறுகிய மலைச்சாலையில் விரையும் வாகனங்களுக்கு இடையே குழந்தைகளை அனுப்ப எந்தப் பெற்றோரும் துணியமாட்டார். இதற்காகவே ஏரியைச் சுற்றித் தனிப்பாதை அமைக்கும் பணி பகுதி பகுதியாக நடந்துவருகிறது. இன்கிளைன் வில்லேஜிலிருந்து சாண்ட் ஹார்பர் வரை சுமார் 5 கி.மீ. நீளத்துக்குக் கரையை ஒட்டிய பாதை 2019-இல் திறக்கப்பட்டது. மரகத விரிகுடாவின் செங்குத்துச் சரிவு இப்பணியில் கடினமான பகுதிகளுள் ஒன்று. தனிப்பாதை இன்னும் முழு வட்டமாக இணையவில்லை.