மெல்பர்ன் தொழிலாளர் மண்டபம்

தொழிற்சங்கம் ஒன்று நிலைபெற வேண்டுமாயின், அதன் உறுப்பினர் அச்சமின்றிக் கூடிப் பேசுவதற்குச் சொந்த இடம் வேண்டும். பிறர் இடத்தில் கூடும் சங்கம் அவர் தயவை நாடியே காலம் கழிக்க நேரும். இதனை உணர்ந்த தொழிலாளர் எழுப்பிய மண்டபங்களுள் மிகப் பழமையான ஒன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ளது. ‘டிரேட்ஸ் ஹால்’ என்பது அதன் பெயர்.

1856-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், மெல்பர்ன் பல்கலைக்கழகக் கட்டட வேலையில் ஈடுபட்டிருந்த கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, அப்போது கட்டப்பட்டு வந்த சட்டமன்ற மாளிகையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை, கூலியில் குறைவு கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. 1851-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டபின் நகரம் விரைந்து வளர்ந்தது. கைதேர்ந்த தொழிலாளரோ போதுமான அளவில் இல்லை. ஆகவே முதலாளிகள் இணங்கினர். கட்டடத் தொழிலாளருக்கு அவ்வாண்டே வெற்றி கிட்டியது.

வேலை நேரம் குறைந்தது. மிஞ்சிய பொழுதை எங்கே, எவ்வாறு கழிப்பது? இவ்வினாவுக்கு விடையாகவே மண்டபம் தோன்றியது. அரசாங்கத்திடம் நிலம் பெற்று, 1859-இல் மரத்தாலும் தகரத்தாலும் எளிய கூடம் ஒன்றை அமைத்தனர். அதன் பெயரில் ‘இலக்கியக் கழகம்’ என்னும் சொல்லும் சேர்ந்திருந்தது குறிப்பிடத்தக்கது. சங்கக் கூட்டங்களோடு படிப்புக்கும் அங்கே இடம் இருந்தது. கைவினைஞருக்குச் சித்திர வகுப்புகள் நடந்தன. 1874-இல் ஜோசப் ரீட் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி இப்போதுள்ள மாளிகையின் வேலை தொடங்கிற்று. பின்னர் அது பல கட்டங்களாக விரிவடைந்தது.

பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் உழைத்து வாழும் நமக்கு வேறொரு வினாவும் எழுவது இயல்பு. அம்மண்டபத்தின் கதவு யாருக்குத் திறந்திருந்தது?

தொடக்கத்தில் அது ஆடவரான கைவினைஞரின் இடமாகவே இருந்தது. 1882-இல் தையல் தொழில் செய்த பெண்கள், கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். மண்டபத்தாரின் துணையோடு அவர்களுக்கெனச் சங்கம் அமைந்தது. சில ஆண்டுகளில் பெண் தொழிலாளருக்குத் தனிக் கூடமும் எழுந்தது.

சீனத் தொழிலாளருக்கு அப்பேறு கிட்டவில்லை. மேசை நாற்காலிகள் செய்து பிழைத்த சீனத் தச்சர்களைத் தோழர்களாகச் சேர்த்துக்கொள்ளாது, கூலியைக் கெடுக்க வந்த போட்டியாளராகவே சங்கங்கள் கருதின. சீனத் தச்சர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துப் போராடினர். அவர்கள் செய்த பொருள்களில் ‘சீனர் உழைப்பு’ என முத்திரையிட வேண்டும் என்று 1896-இல் சட்டமே வந்தது.

1927-இல் ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்களின் தேசியப் பேரவை இம்மண்டபத்திலேயே உருவாயிற்று. இன்றும் இங்கே சங்க அலுவலகங்கள் நடைபெறுகின்றன. எதிரில் உள்ள நினைவுத் தூணின் உச்சியில் மூன்று எட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன: உழைப்புக்கு எட்டு மணி, பொழுதுபோக்குக்கு எட்டு, உறக்கத்துக்கு எட்டு. மண்டபம் ஈட்டித் தந்த உரிமையை அத்தூண் நினைவூட்டுகிறது. அதே நகரில் அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் வரலாறு நிறைவு பெறும்.